அந்தரத்தில் நின்ற மாமியார்

குதிரை என்றொரு பிராணி அந்தப் பக்கம் இன்னும் வந்து சேராத காலத்தில், முகாம் பெயரும்போதெல்லாம் கூடாரத்தையும் குழந்தையையும் நாய்களே இழுத்துக்கொண்டு போன காலத்தில், வட அமெரிக்காவின் பெரிய மலைகள் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில், பிளாக்ஃபுட் மக்களின் ஒரு முகாமில், மாமியார் இல்லாத மனிதன் ஒருவன் இருந்தான். பெயர் பெருங்கேடயன். முகாமிலேயே நிம்மதியான ஆண்பிள்ளை அவன்தான் என்று மற்ற ஆண்களெல்லாம் சொல்வார்கள், அவனும் அதை மறுக்க மாட்டான்.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவளோடு பேசக் கூடாது. அவளும் அவனைப் பார்க்கக் கூடாது. வெறுப்பினால் அல்ல, மரியாதையினால். மரியாதை என்று வந்துவிட்டால் சிரமமும் கூடவே வந்துவிடுகிறது. தண்ணீர் மொண்டு வருகிற மாமியார் எதிரே தென்பட்டால் மருமகன் தோல் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு புதருக்குள் பாய வேண்டும். புதர் இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே குப்புறப் படுத்துவிட வேண்டும். தப்பித்தவறிப் பார்த்துவிட்டால், அந்த வெட்கம் போக, நல்ல பொருளாகப் பார்த்து ஒரு பரிசு அனுப்ப வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. மருமகன் சாகக் கிடந்து, கவனிக்க வேறு ஆளில்லாமல், மாமியாரே பக்கத்தில் இருந்து பிழைக்க வைத்தாளானால் அன்றோடு அந்தத் தடை தீர்ந்தது. பிறகு ஆயுசுக்கும் பார்க்கலாம், பேசலாம். மூன்றுகரடி என்று ஒருவன், இந்த ஓட்டமும் பாய்ச்சலும் தாங்காமல், ஒருமுறை வயிற்றுவலி என்று உருண்டு பார்த்தான். அவன் மாமியார் அதை நம்பவில்லை.

பெருங்கேடயன் கட்டிய நீர்நாயாளுக்குத் தாய் இல்லை. தம்பிக்காரன் பால்குடி மறப்பதற்கு முன்பே ஒரு கடுங்குளிரில் அவள் போய்விட்டாள். ஆகவே பெருங்கேடயன் முகாமின் நடுவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நாலு திசையும் கண்ணைச் சுழலவிட்டுக்கொண்டு, ராஜநடை நடப்பான். மூன்றுகரடி புதருக்குள் பாயும்போதெல்லாம் குனிந்து, “முள்ளு ஏதாச்சும் குத்திச்சாப்பா? பாத்துப் பாய வேணாமா?” என்று விசாரிப்பான். அப்படிச் சிரித்ததெல்லாம் எந்த வழியாகத் திரும்பி வந்தது என்பதுதான் இந்தக் கதை.

நீர்நாயாளின் தம்பி பெயர் நெட்டைநாரை. கூடாரம் கூடாரமாகப் போய் யார் யாரோ ஊட்டிய இறைச்சிச் சாற்றைக் குடித்து வளர்ந்தவன். பசித்து அழுது அழுதே அவனுக்கு ஒரு குரல் அமைந்துவிட்டது. ஆள் வளர்ந்து நெட்டையாகி, தாடையில் ரோமம் கூட எட்டிப்பார்த்த பிறகும் அந்தக் குரல் மட்டும் வளரவில்லை. தாயைத் தொலைத்த காட்டெருமைக் கன்று எப்படிக் கத்துமோ அப்படியே கத்துவான். அதனால் வேட்டையில் அவனுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது: கன்றுத் தோலைப் போர்த்திக்கொண்டு மந்தைக்கு முன்னால் ஓடி, அதைப் பின்னால் வரவழைக்கிற வேலை. கன்றுத் தோலுக்குள் அவனில் பாதிதான் அடங்கும். மீதியைப் புல் மறைத்துக்கொள்ளும்.

வேட்டை என்றால் வில்லைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு ஓடுவதில்லை. புல்வெளியில் இரண்டு வரிசையாகக் கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். அந்த வரிசைகள் தூரத்தில் அகலமாகத் தொடங்கி, வரவரக் குறுகி, ஒரு செங்குத்துப் பாறையின் விளிம்பில் வந்து முடியும். ஒவ்வொரு கல்குவியலுக்குப் பின்னாலும் ஓர் ஆள், பேச்சு மூச்சில்லாமல் படுத்திருப்பான். காற்று சரியான பக்கமிருந்து வீச வேண்டும், கன்றுக்குரல் சரியான நேரத்தில் கேட்க வேண்டும், மந்தை உள்ளே வந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து போர்வையை வீசிக் கூச்சல் போட வேண்டும், மிரண்ட மந்தை விளிம்பைப் பார்ப்பதற்குள் விளிம்பு தாண்டியிருக்க வேண்டும். ஓடிவந்த கன்றுக்காரன் கடைசி நேரத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே நீட்டிக்கொண்டிருக்கிற திட்டில் குதித்து ஒண்டிக்கொள்வான். பாறைக்கு அடியில் பெண்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த ஒரு நாள் சரியாக அமைந்தால் ஒரு குளிர்காலம் கழிந்துவிடும். அதில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது: உள்ளே வந்ததில் ஒன்றுகூடத் தப்பிப் போகக் கூடாது. தப்பியது போய் மற்ற மந்தைகளிடம் சொல்லிவிடும், பிறகு எந்த மந்தையும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. இவ்வளவுக்கும் பொறுப்பு வேட்டைத்தலைவனுடையது. வேட்டைத்தலைவன் பெருங்கேடயன்.

அந்த இலையுதிர்காலத்தில் மந்தையின் முன்வரிசையில் தாயெருமை ஒருத்தி வந்தாள். மடி கனத்துத் தொங்கியது. கன்றை ஓநாய்க்குப் பறிகொடுத்து அதிக நாள் ஆகவில்லை என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. மற்றவை என்ன சத்தம் என்று பார்க்க வந்தன, அவள் கூப்பிட்ட குரலுக்கு வந்தாள். நெட்டைநாரை கத்தியபடியே ஓடி, விளிம்பில் குதித்துத் திட்டில் ஒண்டிக்கொண்டான். அவள் அந்தக் குரலை விடாமல் விளிம்பைத் தாண்டி ஓடினாள். ஓடினாளே தவிர விழவில்லை. அந்தரத்தில் நாலு காலையும் ஊன்றி நின்று, திரும்பி, கன்று எங்கே என்று தேடினாள். பின்னால் வந்த கிழட்டுக் கடாக்கள் சில, நிற்கிற வயதைத் தாண்டியவை, அவள் பக்கத்தாலே விழுந்தன. மற்ற மந்தை அவள் நிற்பதைப் பார்த்துத் தானும் நின்றது, யோசித்தது, பிறகு கல்குவியலையும் ஆட்களையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

ஒரு குளிர்காலத்துச் சாப்பாடு திரும்பிப் போவதைப் பெருங்கேடயன் பார்த்தான். வில்லை எடுத்து, அம்பைத் தொடுத்து, அந்தரத்தில் நின்றவளைக் குறிபார்த்தான். அவள் அவனைக் கவனிக்கவே இல்லை. கழுத்தை நீட்டி, திட்டில் ஒண்டியிருந்த நெட்டைநாரையின் தலையை நக்கத் தொடங்கியிருந்தாள். கல்யாண வயதையும் தாண்டிய அந்த நெட்டை மனிதன், கன்றுத் தோலுக்குள் உட்கார்ந்து, நக்க நக்க அழுதான். வாழ்நாளெல்லாம் கூப்பிட்டு, அன்றுதான் ஒருத்தி வந்திருக்கிறாள்.

“அத்தான், விட்டுடுங்க! இது எங்கம்மா!” என்று கத்தினான்.

“எறங்கி வாடா, பைத்தியக்காரா!”

அந்த நேரம் பார்த்து அவள் மடியிலிருந்து பால் வடிந்து, காற்றில் சாய்ந்து, பாறைக்கு அடியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நீர்நாயாளின் முகத்தில் விழுந்தது. நீர்நாயாள் உதட்டை நக்கினாள். ஒரு கணம் யோசித்தாள். பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பால் கொடுத்தவள் தாய், அதில் அங்கே யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அவள் நெட்டைநாரைக்குத் தாய் என்றால் அவன் அக்காளுக்கும் தாய். அக்காளுக்குத் தாய் என்றால், என்று எல்லோரும் மனசுக்குள் உறவுமுறையைக் கூட்டிக்கொண்டே போய், ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள், பெருங்கேடயனைத் தவிர. அவன் இன்னும் குறிபார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மூன்றுகரடிதான் கல்குவியலுக்குப் பின்னாலிருந்து எழுந்து, பல வருஷம் காத்திருந்தவனின் முழு ஆனந்தத்தோடு கூவினான்: “அடேய், பாக்காதடா! உன் மாமியார்டா அது!”

வில் ஒரு பக்கம், அம்பு ஒரு பக்கம் விழ, பெருங்கேடயன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்தான்.

அவள் ஏன் விழவில்லை என்று அந்த முகாமில் யாரும் கேட்கவில்லை. தேடி வந்ததைக் கண்டுபிடிக்காமல் ஒருத்தி எப்படி விழுவாள்? கண்டுபிடித்த பிறகு எதற்கு விழ வேண்டும்? அவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. அவள் முகாமுக்கு மேலேயே வந்து நின்றுகொண்டாள், நெட்டைநாரை போகிற பக்கமெல்லாம் மேலேயே நடந்தாள், மேகம் தாழ்ந்து வந்தால் அதை மேய்ந்தாள். முதலில் நாய்கள் குரைத்தன; குரைத்துக் குரைத்துக் கழுத்து வலி கண்டு விட்டுவிட்டன. பெண்களுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. காய்ந்த சாணம் பொறுக்கப் புல்வெளி முழுக்க அலைந்தவர்களுக்கு இப்போது அடுப்புக்கான சாணம் கூடாரத்து வாசலிலேயே விழுந்தது, விழும்போதே பாதி காய்ந்தும் இருந்தது. காலையில் பால் சொட்டும் நேரத்துக்குத் தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக அண்ணாத்திப் பிடித்தார்கள். அவள் உதிர்த்த ரோமத்தில் கயிறு திரித்தார்கள். பகல் முழுவதும் முகாமைச் சுற்றி வந்த அவள் நிழலை வைத்துப் பிள்ளைகள் சாப்பாட்டு நேரம் சொன்னார்கள்.

கஷ்டமெல்லாம் ஒரே ஒரு ஆளுக்கு. மற்றவர்களின் மாமியார் ஏதாவது ஒரு திசையிலிருந்துதான் வருவாள். பெருங்கேடயனின் மாமியார் எல்லாத் திசைக்கும் பொதுவாக நின்றாள். அவன் போர்வையை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கண்ணைக் காலடியில் வைத்து நடக்கப் பழகினான். எறும்புகளைப் பற்றி முகாமில் எவனுக்கும் தெரியாத சங்கதிகளெல்லாம் அவனுக்குத் தெரியவந்தன. மாமியாரின் நிழலைப் பார்ப்பது மாமியாரைப் பார்ப்பதாகுமா என்று ஆண்கள் கூடிப் புகைத்துப் பேசினார்கள். கழுத்துக்குக் கீழே உள்ள நிழல் பரவாயில்லை, கொம்பும் முகமும் கூடாது என்று முடிவாயிற்று. அந்த முடிவைச் சொன்னவன் மூன்றுகரடி. அதன் பிறகு நிழலின் தலைப்பக்கம் நெருங்கும்போதெல்லாம் முகாமின் தலைவர்களில் ஒருவனான பெருங்கேடயன் வாலாக இருந்த பக்கம் நோக்கித் துள்ளித் துள்ளி ஓடுவதை எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள்.

“முள்ளு ஏதாச்சும் குத்திச்சாப்பா?” என்று மூன்றுகரடி கேட்டான். தினமும் கேட்டான்.

மூன்றாவது ஆள் வழியாகத்தான் மருமகனும் மாமியாரும் பேசிக்கொள்ள முடியும் என்பதால் நீர்நாயாளின் கை ஓங்கிவிட்டது.

“அம்மா கேக்கறாங்க, மாப்பிள்ளை ஏன் இன்னும் கூடாரத்துக் கம்பை மாத்தலேன்னு.”

“உங்கம்மா வாயே தொறக்கலையே?”

“எனக்குக் கேட்டுச்சு.”

“எனக்குக் கேக்கலையே.”

“உங்களுக்கு எப்படிக் கேக்கும்? நீங்க மாப்பிள்ளை, நான் மக.”

அண்ணாந்து தவறிப் பார்த்துவிட்ட ஒவ்வொரு தடவைக்கும் அவன் ஒரு பரிசு கொடுக்க வேண்டியிருந்தது. கிளிஞ்சல் மாலையைக் கொடுத்தான், முள்ளம்பன்றி முள் தைத்த நல்ல காலணியைக் கொடுத்தான். மறுநாள் அந்த மாலை நீர்நாயாள் கழுத்தில் இருந்தது. “அம்மா எனக்கே குடுத்துட்டாங்க. அவங்களுக்குக் கழுத்து பெருசாம்” என்றாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே பனிக்காலத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். அங்கே சிரிப்பு நின்றது. கிழட்டுக் கடாக்களின் இறைச்சி எவ்வளவு நாளைக்கு வரும்? உலர்த்தி, இடித்து, கொழுப்பும் காட்டுப்பழமும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள் தோல் பைகளின் அடியில் போய்விட்டன. தூரத்துக் குன்றின்மேல் ஒவ்வொரு மந்தையாக வந்தது; வந்து, வானத்தில் தங்களைப்போல ஒருத்தி நிற்பதைப் பார்த்தது; நின்று யோசித்தது; திரும்பிப் போனது. கல்குவியலுக்குப் பின்னால் படுத்தவர்கள் உறைந்த மூக்கோடு எழுந்து வந்தார்கள். பிள்ளைகள் பழைய காலணித் தோலை வேகவைத்த தண்ணீரைக் குடித்தார்கள். மேகம் வறண்டு மேலே பாலும் குறைந்தது. அவளைக் கொல்ல வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வேறொருவனின் மாமியாரைக் கொல்வது கொலை. ஆகவே எல்லோரும் பெருங்கேடயனைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்க்கவே கூடாதவன். முக்காட்டுக்குள் அவன் மனசு கிடந்து வெந்தது. தன் பொறுப்பில் இருக்கிற இத்தனை வயிறுகளும் காய்வதற்குக் காரணமானவளைத் தன் மரியாதையே காத்துக்கொண்டிருக்கிறதே என்று அவனுக்கு அழுகை வந்தது.

ஒரு நாள் முயலாவது கிடைக்குமா என்று தனியாகப் பாறை மேட்டுக்குப் போனான். முக்காடு போட்டு, தலையைக் குனிந்து, பனியில் முயல் தடத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான். நெட்டைநாரை அந்தப் பக்கம் விறகுக்குப் போயிருந்தான் போலிருக்கிறது, மாமியாரின் நிழல் மேட்டின்மேல் நகர்ந்து வந்தது. முதலில் முதுகு, பிறகு திமில். கொம்பு வரப்போகிறது என்று பெருங்கேடயன் ஓர் எட்டு விலகினான். நிழலும் ஓர் எட்டு வந்தது. இன்னும் விலகினான். வடக்கே கருத்துக்கொண்டு வந்த புயலை அவன் பார்க்கவில்லை, காலுக்குக் கீழே தரை முடிகிற இடத்தையும் பார்க்கவில்லை. எத்தனையோ மந்தைகளை அந்த விளிம்புக்கு ஓட்டி வந்த வேட்டைத்தலைவன், மாமியாருக்கு மரியாதை காட்டியபடியே, தானே அதைத் தாண்டி நடந்தான்.

அந்தரத்தில் நிற்கிற வித்தை அவனுக்குத் தெரியாது. விழுந்தான்.

அடியில் பனி குவிந்திருந்ததால் உயிர் தப்பியது, ஒரு கால் மட்டும் முறிந்தது. அதற்குள் புயல் வந்துவிட்டது. கத்திப் பார்த்தான், அவன் குரல் அவன் காதுக்கே எட்டவில்லை. சரி, இவ்வளவுதான் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டபோது பெரிதாக ஏதோ ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டு, படியிறங்குவதுபோல ஒவ்வொரு காலாக வைத்து, வானத்திலிருந்து கீழே வந்தது. காட்டெருமை புயலுக்கு முதுகு காட்டாது. அவள் காற்று வருகிற பக்கமாக முகத்தை வைத்து அவனுக்கு முன்னால் படுத்தாள். காற்று நின்றது. அவன் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டான். பாதி உயிர் போன நிலையிலும் கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தான். மரியாதை என்றால் மரியாதைதான். பால் வாய்க்கு வந்தபோதும் கண்ணை மூடிக்கொண்டே குடித்தான்.

புயல் ஓயாமல் அடித்தது. எப்போதோ ஒரு நேரத்தில் இமைகள் உறைந்து ஒட்டிக்கொண்டதை உணர்ந்தான். சூடான, சொரசொரப்பான நாக்கு ஒன்று வந்து ஒரு கண்ணை நக்கித் திறந்தது, பிறகு மற்றதை. அவன் பார்த்தான். தாடியில் பனிக்கட்டி தொங்க, ஏதோ மென்றுகொண்டு, அந்தப் பெரிய முகம் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எறும்பையும் நிழலையும் பார்த்தே ஒரு பருவத்தைக் கழித்தவனுக்கு, இவ்வளவு நாளும் இதையா பார்க்காமல் இருந்தோம் என்று இருந்தது.

புயல் விட்டதும் முகாம் முழுவதும் தேடி வந்தது. பாறைக்கு அடியில் அவள் சுற்றிப் படுத்திருப்பதையும், நடுவில் பெருங்கேடயன் முக்காடு இல்லாமல், கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் கண்டார்கள். நீர்நாயாள் ஓடி வந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். அவளுக்கு அழுகை வரும்போது அப்படித்தான் வரும். சாகக் கிடந்தவனை மாமியார் பிழைக்க வைத்திருக்கிறாள். தடை தீர்ந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு அடுத்ததும் புரிந்தது.

மூன்றுகரடி தன் வில்லைக் கொண்டுவந்து பெருங்கேடயன் பக்கத்தில் வைத்தான். இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை.

“இனி நீ பாக்கலாம். பாக்கலாம்னா குறியும் பாக்கலாம். தரைக்கு வந்துட்டாங்க. என் பிள்ளைங்கள்ல சின்னது பசியில நேத்துலேர்ந்து அழக்கூட இல்லப்பா.”

நெட்டைநாரை போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அக்காள் வாய் பேசவில்லை, எல்லோருக்கும் அதுவே பெரிய பயமாக இருந்தது. பெருங்கேடயன் வில்லை எடுத்தான். ஒரு எருமை என்றால் முகாம் முழுவதற்கும் கொஞ்ச நாள் சாப்பாடு. விட்டால், போய் எல்லா மந்தைகளிடமும் சொல்லிவிடுவாள்; அதற்குப் பிறகு சாப்பாடே இல்லாமலும் போகலாம். தலைவனாக அவனுக்கு அந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. வில்லைத் தடியாக ஊன்றி, ஒற்றைக் காலில் எழுந்து நின்றான்.

“அத்தை,” என்றான்.

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். மருமகன் மாமியாரை நேருக்கு நேர் அழைப்பதை அவர்கள் கேட்டதில்லை.

“அத்தை, பேசிப் பழக்கமில்ல, தப்பா வந்தா பொறுத்துக்கணும். தப்பிச்சுப் போனவங்க போய்ச் சொல்லிடுவாங்கன்னுதான் எங்க பயமே. இப்ப நானே சொல்றேன், போங்க. போய்ச் சொல்லுங்க. மேலேருந்து எல்லாத்தையும் பாத்தீங்கள்ல? உங்க தோலுதான் எங்க வீடு. நரம்புதான் நூலு, கொம்புதான் கரண்டி, வயித்துப் பையிலதான் தண்ணி சுமக்கறோம். விலா எலும்பை வெச்சுப் பிள்ளைங்க பனியில சறுக்குதுங்க. நாக்கை மொதல்ல சூரியனுக்குன்னு எடுத்து வெச்சுட்டுத்தான் நாங்க வாயில வெக்கிறோம். ஏதாச்சும் ஒண்ணை வீணாக்கியிருந்தா அதையும் சொல்லுங்க. உங்க ஆளுங்க வராட்டி நாங்க இல்ல, அதையும் சேத்துச் சொல்லிடுங்க. கூட்டிக் குறைக்க வேணாம். பாத்ததைச் சொன்னா போதும்.”

அவள் எழுந்தாள். மகனின் தலையை ஒரு தடவை நக்கினாள். பிறகு தரையிலேயே, மற்ற எருமைகளைப்போல, பனியில் தடம் பதிய நடந்து குன்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். வேட்டைத்தலைவன் ஒருவன் தெரிந்தே ஓர் எருமையைத் தப்பவிட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. கூடாரத்தின் ஓரத் தோலை அறுத்து வேகவைத்தார்கள். மூன்றுகரடி பெருங்கேடயனோடு பேசவில்லை, தன் சின்னதை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தான், அது பேச்சைவிட மோசமாக இருந்தது. அண்ணாந்தால் வெறும் வானம். பார்க்கத் தடையில்லாத வானத்தைப் பெருங்கேடயன் பார்த்துக்கொண்டே கிடந்தான், தப்பு செய்துவிட்டோமோ என்று ஒவ்வொரு நாளும் தன்னைக் கேட்டுக்கொண்டான்.

அப்புறம் ஒரு காலையில் மலையிலிருந்து அந்த வெதுவெதுப்பான காற்று இறங்கியது; நடுக்குளிரில் வந்து ஒரே மூச்சில் பனியைத் தின்றுவிட்டுப் போகிற காற்று. புல் தெரிந்தது. புல்லோடு சேர்ந்து குன்றும் அசைந்தது. குன்று என்று நினைத்தது மந்தை. நெட்டைநாரை கன்றுத் தோலைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினான். பெருங்கேடயனை நாய் இழுக்கிற கம்புவண்டியில் படுக்கவைத்து விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். ஆட்கள் கல்குவியலுக்குப் பின்னால் படுத்தார்கள், பசியில் அவர்களுக்கு எழுந்திருக்கத் தெம்பு இருக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது. ஆனால் கன்றுக்குரல் கேட்டது, காற்று சரியாக வீசியது, போர்வைகள் வீசின, தரை அதிர்ந்தது, எருமைகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விளிம்பைத் தாண்டின. எதுவும் அந்தரத்தில் நிற்கவில்லை. கீழே பெண்கள் சூரியனைக் கூப்பிட்டு அழுதுகொண்டே முதல் நாக்கை எடுத்து வைத்தார்கள். மூன்றுகரடியின் சின்னது சூடான ஈரலை வாய் நிறைய வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு, ஒருவழியாக அழுதது.

புழுதி அடங்கியபோது விளிம்பில் ஒருத்தி மட்டும் நின்றிருந்தாள். எல்லாவற்றுக்கும் கடைசியாக, அவசரமில்லாமல் வந்திருக்கிறாள். திட்டிலிருந்து எழுந்த நெட்டைநாரையின் தலையைத் தேடி அவள் கழுத்து நீண்டது. ஆட்கள் வில்லைப் பிடித்தபடி பெருங்கேடயனைத் திரும்பிப் பார்த்தார்கள். விதி என்னவென்று அவர்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். உள்ளே வந்ததில் ஒன்றுகூடத் தப்பக் கூடாது.

பெருங்கேடயன் அவளை ஒரு தடவை, நன்றாக, ஆசை தீரப் பார்த்தான். பிறகு கம்புவண்டியில் படுத்தபடியே போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான்.

“மாமியார் வந்திருக்காங்க போல,” என்று உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. “நான் யாரையும் பாக்கல.”

மூன்றுகரடி ஒரு கணம் நின்றான். பின்பு அவனும் தன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, பழக்க தோஷத்தில் பக்கத்துப் புதருக்குள்ளும் பாய்ந்தான். அவனுக்குப் பின் அடுத்தவன், அடுத்தவனுக்குப் பின் அடுத்தவன் என்று கல்குவியல் வரிசை முழுவதும் தலைகள் மூடிக்கொண்டன. நாய்கள்கூட வேறு பக்கம் பார்த்தன என்று சொல்வார்கள், அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மகனும் மகளும் பார்க்கலாம், அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. அவர்கள் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவள் குன்றுக்கு அந்தப் பக்கம் மறைகிறவரை.

சாயங்காலம் இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது நீர்நாயாள் கேட்டாள்: “அம்மா போறப்ப ஒரு தடவை நின்னு திரும்பிப் பாத்தாங்களே, யாரைப் பாத்தாங்க தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றான் பெருங்கேடயன், காலைத் தடவிக்கொண்டு. “மாமியார் முகத்தை யாராவது பாப்பாங்களா?”

அவள் அவன் போர்வையை உலர்த்துவதற்காக எடுத்து நெருப்பின் பக்கம் விரித்தாள். அன்று மழையும் இல்லை, பனியும் இல்லை; போர்வையின் உள்பக்கம், முகம் இருந்த இடம் மட்டும் நனைந்திருந்தது. தாய் சொல்லாததையெல்லாம் சொன்னதாகச் சொல்லித் திரிந்தவள், இதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.